இருட்டில் போன பெயர்

1

எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவிருந்தால் அன்றே சாட்சி சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். இப்படி உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

விஷயம் சின்னது. என் இளைய அண்ணி ஓதெத் தொலைக்காட்சியில் பேசினாள். பேசும்போது மூத்த அண்ணி நஜ்லாவின் பெயரைச் சொன்னாளா, சொல்லவில்லையா? படம் பிடிக்கும்போது நான் ஓதெத்துக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கதைக்கு முதலில் எழுதிய தொடக்கம் இது:

"பெக்கா சமவெளியில் இலையுதிர்காலம் வந்துவிட்டால், மலை முகடுகளில் மெல்லிய..."

அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் இலையுதிர்காலம் மலையிலிருந்து வருவதில்லை. நஜ்லாவின் முற்றத்திலிருந்து, வெந்த கத்தரிக்காய் வாசனையோடு வரும். அதை எழுதத் தெரியாமல் மலை ஏறப் பார்த்தேன்.

2

மூன்று அண்ணன் தம்பிகள், ஒரே முற்றம், இரண்டு அடுப்படி. நஜ்லா பெரிய அண்ணனின் மனைவி. ஓதெத் சின்ன அண்ணனின் மனைவி. கடற்கரை ஊரான பத்ரூனில் பிறந்தவள். நான் மாடியறையில், மனைவியின்றி, புத்தகங்களோடு.

ஓரகத்திகள் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓதெத் குரோஷா ஊசியால் டிவிக்கு ஒரு விரிப்பு பின்னினால், மறுவாரம் நஜ்லாவின் விரிப்பு அதன்மேல் கிடக்கும். விளிம்பில் இன்னும் ஒரு சுற்று அதிகப் பூவோடு.

சிலுவைத் திருநாள் முடிந்ததும் தெருப் பெண்கள் எல்லோரும் நஜ்லாவின் முற்றத்தில் கூடுவார்கள். கைக்கு அடக்கமான கத்தரிக்காய்களை வேகவைத்து, வகிர்ந்து, உள்ளே உப்பு தடவி, கூடையில் அடுக்கி, மேலே கல் வைப்பார்கள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு அக்ரூட், பூண்டு, சிவப்பு மிளகாய் அடைத்து, ஜாடியில் ஆலிவ் எண்ணெய்க்குள் மூழ்கவிட்டால் மக்தூஸ். குளிர்காலம் முழுக்கக் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான். கல் இரண்டு ராத்திரி இருக்க வேண்டும். இது நஜ்லாவின் சட்டம். (எல்லோருடைய சட்டமும் அதுதான். ஆனால் அவள் சொன்னால் மட்டும் சட்டம் போலக் கேட்கும்.)

அக்ரூட் உடைப்பது என் வேலை. ஜன்னலில் முற்றத்தைப் பார்த்து வைத்த டிவியில் நாடகம் ஓடும். எதிர்வீட்டு மார்செல் நாடகத்தோடு சண்டை போடுவாள்.

"அவன நம்பாதடி! மூஞ்சியப் பாரு, அடைச்ச கத்தரிக்கா மாதிரி."

"கொழுந்தனாரே, நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்களேன். ஓட்டுக்குள்ள இருக்கற பருப்புகூட உங்களவிட அதிகமா சத்தம் போடுது" என்பாள் ஓதெத்.

எல்லோரும் சிரிப்பார்கள். நஜ்லா மட்டும் சிரிக்க மாட்டாள். அவளுடைய முற்றத்தில் எல்லோரையும் சிரிக்கவைப்பது இன்னொருத்தி.

[இங்கே நஜ்லாவின் முகத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதில் அவளைக் கெட்டவளாக்கியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் பொறாமைக்காரி, கெட்டவள் அல்ல. என்னை நான் வேறெப்படித் தாங்கிக்கொள்வது?]

3

அந்த வருடம் பெய்ரூத்திலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். ஊர் ஊராகக் குளிர்காலச் சேமிப்பைப் படம்பிடிக்கிற நிகழ்ச்சி. நஜ்லாவின் மக்தூஸைப் பற்றிக் கேள்விப்பட்டே வந்தார்கள். இது உறுதி.

அவர்கள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்ததால், நஜ்லா ஒரு ராத்திரியிலேயே கல்லைத் தூக்கிவிட்டாள். கேமராவுக்கு முன் கையில் எடுத்து அடைத்துக் காட்டக் கொஞ்சம் காய் வேண்டுமே. பிறகு உள்ளே போய்த் திருநாள் உடுப்பை உடுத்திக்கொண்டு வந்தாள். அதற்குள் ஒலிவாங்கி ஓதெத்தின் கழுத்துப்பட்டையில் குத்தியிருந்தது.

"இவங்க கேமராவுக்கு நல்லா வர்றாங்க" என்றான் இயக்குநர் பையன். "அம்மா, நீங்க கையால செஞ்சு காட்டுங்க. கை மட்டும் போதும்."

நஜ்லா திருநாள் உடுப்பின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

ஓதெத் பேசினாள். எப்படிப் பேசினாள் தெரியுமா! இந்த முற்றம், கல், மிளகாய் அரைக்கும்போது எரியும் விரல்கள், நாடகத்தைத் திட்டும் மார்செல் என்று எல்லாம் அந்த மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டன. இதே முற்றத்தை நான் பல வருடங்களாக எழுதிப் பார்க்கிறேன். ஒருநாளும் இப்படி உயிரோடு எழுந்து நின்றதில்லை. அக்ரூட்டை உடைத்துக்கொண்டே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நஜ்லாவின் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நான் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

கேமராவுக்கு முன் இருந்தவை ஒரே ராத்திரி வடிந்த காய்கள். எனவே ஓதெத் தான் கண்டதைச் சொன்னாள்: "ஒரு ராத்திரி கல்லு வச்சா போதும்."

அவர்கள் கிளம்பியதும் நஜ்லா மிச்சக் காய்கள்மீது கல்லை மறுபடி தூக்கி வைத்தாள். அது படத்தில் இல்லை.

4

ஒளிபரப்பான சாயங்காலம் தெருவே எங்கள் வீட்டில். வேறு யார் வீட்டு டிவி முன்னாலும் ஆள் இல்லை. இதை நினைவில் வையுங்கள்.

திரையில் ஓதெத் சிரித்தாள். கீழே நஜ்லாவின் கைகள் காயை அடைத்தன. "இதெல்லாம் எனக்கு யார் கத்துக்கொடுத்தாங்கன்னா..." என்றாள் ஓதெத். மின்சாரம் போயிற்று.

ஜெனரேட்டர் பிடிக்கும்வரை எங்கள் ஊரில் எப்போதும் வரும் அந்தச் சிறு இருட்டு. வெளிச்சம் வந்தபோது திரையில் வேறொரு ஊர், வேறொரு பெண், ஊறவைத்த டர்னிப்.

"உங்க பேரச் சொன்னேன்க்கா" என்றாள் ஓதெத். "சத்தியமா. 'எங்க நஜ்லா அக்கா'ன்னு சொன்னேன்."

"ஆமாமா. இருட்டுல சொன்ன."

"படம் பிடிக்கறப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க!"

"மிளகா எடுக்க உள்ள போயிருந்தேன். அது உனக்கும் தெரியும்."

நான்? அப்போது முற்றத்தில்தான் இருந்தேன். ஏதோ ஒரு பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் என் காது ஒரு வாக்கியத்தைத் திருடிக்கொண்டிருந்தது. "மிளகாய் அரைத்த கையால் கண்ணீரைத் துடைக்க முடியாது" என்று அவள் சற்று முன் சொல்லியிருந்தாள். அதை எந்தக் கதையில் வைக்கலாம் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பிடிக்கவில்லை.)

அண்ணன் மகன் நிகழ்ச்சியை வீடியோ நாடாவில் பதிவு செய்திருந்தான். பதிவுக் கருவிக்கும் அதே மின்சாரம்தான். நாடாவிலும் அதே இருட்டு. பத்ரூனில் மின்சாரம் போகவில்லை, ஓதெத்தின் தாய் முழுக்கப் பார்த்திருந்தாள். "சொன்னாளே, தெளிவா சொன்னாளே" என்று தொலைபேசியில் கத்தினாள்.

"பெத்தவ வேற என்ன சொல்வா?" என்றாள் நஜ்லா. அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஒரே முற்றம், இரண்டு காபிக் கெண்டி.

5

குளிர் தொடங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் மார்செல் ஒரு ஜாடியோடு வந்தாள். மூடியைத் திறந்தாள். நுரை பொங்கி வழிந்தது, புளித்த நாற்றம்.

"டவுன்ல இருக்கற என் பொண்ணு போட்டது. கல்யாணமாகி முதல் மக்தூஸ். டிவியப் பாத்து ஒரு ராத்திரிதான் கல்லு வச்சிருக்கா. அங்கயும் பாதில கரண்ட் போயிடுச்சாம். மாமியா எல்லார் முன்னாடியும் ஜாடியத் தூக்கிக் காட்டி, 'இதான் உங்க ஊரு கைப்பக்குவமா'ன்னு கேட்டாளாம். யாரு கத்துக்கொடுத்தது இந்த ஒரு ராத்திரிக் கணக்க?"

நஜ்லா தன் வாசலில் நின்றாள். ஓதெத் தன் வாசலில். நடுவில் ஜாடி. நஜ்லா வாயைத் திறப்பதற்குள் ஓதெத் முந்திக்கொண்டாள்.

"நான்தான். எங்க ஊரு வழக்கம் அது. அக்காவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. டிவில அக்கா பேர நான் சொல்லவே இல்ல."

பத்ரூனில் அவள் தாய் மீன் வறுப்பவள். அந்த வீட்டில் மக்தூஸ் போட்டதே இல்லை. இது மார்செலுக்கும் தெரியும்.

நஜ்லாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவள் சொன்னதே சரி என்றாகிவிட்டது. பெயரும் கெடவில்லை. இங்கேயே கதையை முடித்திருந்தால் நல்ல கதை என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

"பொய்!" என்றாள் நஜ்லா. "சொன்னா. என் பேரத்தான் சொன்னா. மிளகாயோட திரும்பி வர்றப்ப என் காதால கேட்டேன். ஒரு ராத்திரில கல்லத் தூக்கினதும் நான்தான்."

"அக்கா, விடுங்க. நான் சொல்லல."

"சொன்ன! என் கத்தரிக்கா, என் கல்லு, என் தப்பு. அதையுமாடி எடுத்துக்கிட்டுப் போவ?"

கேமரா முன்னால் ஓதெத்துக்கு அழுகை வந்ததில்லை. இப்போது வந்தது.

மார்செல் என்னைப் பார்த்தாள். "நீதான்டா பக்கத்துல இருந்த. சொல்லு. சொன்னாளா, இல்லியா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். ஒரே மாதிரியான முறைப்பு. அதில் எனக்கு இடமே இல்லை. ஒரு பழியை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு என்னோடு யாரும் போட்டி போட்டதில்லை. அந்தப் பொறாமை இன்னும் ஆறவில்லை.

நான் மாடியறைக்குப் படியேறினேன்.

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஓதெத் பெயரைச் சொன்னாள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னது பொய். மற்றதில் சொல்லவில்லை, அப்படியானால் பொய் நஜ்லாவுடையது. இரண்டையும் படித்துப் பார்த்தேன். எதுவும் அந்தச் சிறு இருட்டுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எந்தப் பக்கமும் சேரப் போவதில்லை.

மற்றபடி, எல்லோருக்கும் என்ன ஆயிற்று என்றால்: மார்செலின் மகள் மறுவருடம் நஜ்லாவோடு உட்கார்ந்து போட்டாள், ஜாடி பொங்கவில்லை. பெரிய அண்ணன் காலமானார். சின்ன அண்ணனும் ஓதெத்தும் மகனோடு மொண்ட்ரியாலுக்குப் போய்விட்டார்கள். இலையுதிர்காலத்தில் யாராவது அங்கே போனால், நஜ்லா அவர்கள் பெட்டியில் ஒரு ஜாடி வைத்து அனுப்புகிறாள். உப்பு அதிகம் என்று ஓதெத் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொல்கிறாள். ஜாடியைக் காலி செய்துவிட்டுத்தான் சொல்கிறாள் என்று சின்ன அண்ணன் சொல்கிறார். டிவி இப்போது தட்டையாகிவிட்டது. மேலே விரிப்பு போட இடமில்லை. இரண்டு விரிப்புகளும் என் அறையில், மேசைமேல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மார்செல் போன குளிர்காலத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.