கருப்பம்மாவின் தலை

தாயில்லாத மகளோடு சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவன் காத்தமுத்து. மறு வருஷம் மேட்டுப்பாளையத்து வேலாமணியைக் கட்டிக்கொண்டான். வந்த முதல் வாரமே அவள், காத்தமுத்துவின் மகள் கருப்பம்மாவின் சடையைப் பிரித்துப் பார்த்தாள்.

குப்பென்று நாறியது. நனைந்த கம்பளியும் சீழும் கலந்த நாற்றம். காதோரம் முடிக்கு முடி ஈர். பிடரியில் சொறிந்து சொறிந்து புண்ணாகி, மயிர் பொருக்கோடு ஒட்டிக் கிடந்தது. பொருக்கு ஓரமாகப் பேன்கள் ஊர்ந்தன. வேலாமணி வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

"ஏனுங்க, புள்ளை தலையா இது? என்னால தொட முடியாதுங்க."

"அவ அம்மா போன பொறகு பாக்க ஆளில்ல," என்றான் காத்தமுத்து. "கப்பல்ல வந்து எறங்குன கேம்ப்பில எல்லாரும் ஒட்டித்தான் படுத்துக் கெடந்தோம்."

இரண்டு நாளில் வேலாமணியின் தலையும் அரித்தது. விரலோடு ஒரு பேன் வந்தது. அருவருப்பில் உடம்பு கூசிப்போய், மண்ணெண்ணெயை எடுத்துச் சிறுமியின் தலையில் ஊற்றிவிட்டாள். புண்ணில் எரிச்சல் தாங்காமல் கருப்பம்மா அலறிக்கொண்டு எழுந்து ஓடினாள், எரிகிற அடுப்புப் பக்கமாக. வேலாமணி பாய்ந்து பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

சோப்புப் போட்டுக் கழுவி, எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். நர்ஸ் பியாட்ரிஸ் பொருக்கு மயிரை வெட்டி, புண்ணுக்கு மருந்து வைத்தாள்.

"மண்ணெண்ணெய் கிட்டவே கொண்டுபோகாதீங்க. புண் ஆறட்டும். அப்புறம் தேங்காயெண்ணெய் தாராளமாத் தடவி, பேன்சீப்பால வேரிலிருந்து வாருங்க. ஈர் பொரிஞ்சுட்டே இருக்கும். விட்டு விட்டு ரெண்டு மூணு வாரம் வாரணும். ஊட்ல எல்லாருக்கும் பாருங்க."

புண் ஆறியதும் வேலாமணி வாசலில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் எண்ணெயில் ஊறிய பேன்கள் கொத்தாகத் துணியில் விழுந்து காலை ஆட்டின. நகத்தால் குத்தினாள். பட்டென்று வெடித்து முகத்தில் தெறித்தது. மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அசிங்கமா இருக்கா சின்னம்மா?"

"இருக்குது. தலைய ஆட்டாம உக்காரு."

காத்தமுத்துவின் தலையையும் வாரினாள். தன் தலையை அடுத்த வீட்டுத் தெய்வம்மாவிடம் கொடுத்தாள். மூன்றாம் வாரம் சீப்பு வெறுமையாக வந்தது. கருப்பம்மா ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் போனாள்.

ஆனால் அந்த மாதம் முழுக்க ரசத்தில் மிதக்கும் கடுகை வேலாமணியால் பார்க்க முடியவில்லை. வெறும் சோற்றில் உப்புப் போட்டுத் தின்றாள்.