மூன்று சூடும் ஓரிடத்தில்

கறுப்புக் கோட்டோடு கிளடிஸ் பேஸ்மென்ற் படிகளில் இறங்கினாள். கணவர் அமிர்தநாதரின் வேட்டைக் கூட்டாளி பேனாட் பின்னால் வந்தான். பத்து மணிக்கு அவருடைய இறுதிப் பூசை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வரும் சனத்தோடு சின்னப் பிள்ளைகளும் வரும். துவக்குப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அமிர்தநாதருக்குக் கடைத் தோட்டா ஒத்துவராது. மூஸ் மான் வேட்டைக்கு வாங்கிய மக்னம் துவக்குக்குத் தானே வெடிமருந்து நிறுத்துத் தோட்டா செய்வார். ஒவ்வொரு துவக்குக்கும் ஓர் அளவுதான் பொருந்தும், அது கிடைத்தால் மூன்று சூடும் ஓரிடத்தில் விழும் என்பார். தூரத்து மூஸ் தெரிந்த மனிதருக்குப் பக்கத்துத் தராசின் எண் தெரியாது. அதை வாசிப்பது கிளடிஸின் வேலை. மூன்று வருடமாகச் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் எண்ணும் வாசித்தாள், வாய் ஓயாமல் திட்டவும் செய்தாள். மனிதர் சிரித்துக்கொண்டிருப்பார்.

போன செவ்வாயும் கீழேயிருந்து கூப்பிட்டார். "கிளடிஸ், கொஞ்சம் வாறீரே?"

"இண்டைக்கு ஏலாது. நாடகம் போகுது," என்றாள். நாடகம் முடிந்து தேத்தண்ணீரோடு போனபோது அவர் மேசையில் தலை சாய்ந்துகிடந்தார். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

பேனாட் பூட்டை இழுத்துப் பார்த்தான். "பூட்டித்தான் கிடக்கு, அக்கா."

அவள் நகரவில்லை. நாலு நாளாக உள்ளே கிடந்து அறுத்ததைக் கேட்டாள். "தம்பி, நீர்தானே அவரோடை ஒஷாவாப் பக்கம் சுட்டுப் பாக்கப் போறனீர். அந்த அளவு சரிவராமலே போயிட்டாரோ? நான் அண்டைக்கு இறங்கி வந்திருந்தா..."

பேனாட் பூட்டிலிருந்து கையை எடுத்தான்.

"அது ரெண்டு வரியத்துக்கு முதலே சரிவந்திட்டுது, அக்கா. மூண்டு ஓட்டையையும் ஒரு லூனிக் காசாலை மூடலாம்."

"பிறகேன் கிழமைக்குக் கிழமை நிறுத்தவர்?"

"நானும் கேட்டனான். அவவிட்டைச் சொல்லிப்போடாதை, பிறகு கீழை வரமாட்டா எண்டவர்."

கிளடிசுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கள்ள மனுசன், இரண்டு வருடமாக ஏமாற்றியிருக்கிறார். பிறகு தான் இறங்கிப் போகாத அந்த ஒரு செவ்வாய் நினைவுக்கு வந்தது. கோபம் நிலைக்கவில்லை.

"அம்மா, கார் வந்திட்டுது. லெற்ஸ் கோ!" மகன் அன்ட்ரூ மேலே நின்று கத்தினான்.

"நீர் போம், தம்பி," என்றாள் பேனாட்டிடம். "நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்."

அவன் படியேறினான். கிளடிஸ் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, தராசு மேசையருகே ஆறுதலாக உட்கார்ந்தாள்.