பன்னிரண்டு மணி நேர வெறும் வயிறு

1

இந்தக் கதை எனக்கு ஊசி முனையில் கிடைத்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. இடது கை, முழங்கை மடிப்பு, காலை எட்டு மணி.

மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். "இதோட ஆயுள் காப்பீட்டையும் சேர்த்துக்குங்க மேடம்" என்றார் ஏஜென்ட். "தனியா எடுத்தா தனிப் படிவம், தனி அலைச்சல். இதுல ஒரே ஒரு டிக்தான்."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா வீட்ல இருக்கறவங்களுக்குக் கிடைக்கும்."

"ஏதாவது ஒண்ணுன்னா?"

"காலங்காத்தால அந்த வார்த்தை எதுக்கு மேடம்?"

டிக் அடித்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொல்லி ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அவள் இருந்தாள்.

2

[முதல் தொடக்கம், அடித்துவிட்டேன்:] விலகிப்போன கணவனை மறுபடி பார்க்க அவள் ஒரு தந்திரம் செய்

தந்திரம் என்று எழுதியதுமே அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன்.

[இரண்டாவது, இதுவும் வேண்டாம்:] நம் நரம்புகளில் ஓடுவது ரத்தம் மட்டுமல்ல, நினைவுகளும்

அவள் படித்தால் சிரிப்பாள். ரத்தத்தில் என்னென்ன ஓடுகிறது என்பதற்கு அவளிடம் அச்சடித்த பட்டியல் இருக்கிறது.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். அவள் பதினாறு வருடங்களாக ரத்தம் எடுப்பவள். கணவர் ஆறு வருடங்களுக்கு முன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். முதலில் வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு வரவில்லை. சண்டை இல்லை. (என் கதைகளில் எல்லோரும் சண்டை போட்டுத்தான் பிரிவார்கள். சண்டையே இல்லாத பிரிவை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.) விவாகரத்தும் இல்லை. மருத்துவக் காப்பீடு மட்டும் இருவர் பேரிலும் கூட்டாகவே இருந்தது. அவர் பேரை எடுக்க ஒரு கோடு போதும். வருடாவருடம் புதுப்பித்தாள், கோடு போடவில்லை.

இந்த வருடம் அவள் முன்னாலும் அந்த டிக் வந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு விதி: சேரும் ஒவ்வொருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், வீட்டு முகவரிக்கு அருகிலுள்ள ஆய்வகம் ஒதுக்கப்படும்.

அவர் முகவரியை மாற்றவே இல்லை. காப்பீட்டில் அவர் இன்னும் அவள் வீட்டில்தான் குடியிருக்கிறார். அந்த வீட்டுக்கு அருகிலுள்ள ஆய்வகம் அவள் வேலை செய்வது.

இரண்டு பேருக்கும் டிக் அடித்தாள்.

3

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் நரம்பு லேசில் அகப்படாது. அவள் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தபோது, ஊசியைப் பார்க்காமலிருக்க நான் பேச்சுக் கொடுத்தேன்.

"நீங்களும் இந்தக் காப்பீடு எடுத்திருக்கீங்களா?"

"ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கறவ எடுக்காம இருப்பேனா? எனக்கும் அவருக்கும் சேர்த்துத்தான்." அவரைப் பற்றிச் சொன்னாள், யாரோ ஒருவரின் பரிசோதனை முடிவைப் படிப்பதுபோல.

"அவர் சம்மதிச்சாரா?"

"ஓ.டி.பி. குடுத்துட்டாரு."

"உங்ககிட்டயா?"

"கம்பெனிகிட்ட." சிரித்தாள். "என்கிட்ட பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. கம்பெனி கேட்டா மட்டும் உடனே குடுக்கறாரு பாருங்க."

"எந்த லேப்னு அவருக்குத் தெரியுமா?"

"மெசேஜ்ல பேரு போயிருக்கும். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம், ஒரு பட்டனை அமுக்கினா போதும். தினம் வந்ததும் கம்ப்யூட்டரைத்தான் பாக்கறேன். இன்னும் மாத்தலை."

"வந்தா என்ன பேசுவீங்க?"

"என்ன பேசறது? பேரு, வயசு, சாப்பிட்டீங்களா. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்." என் கையில் கட்டியிருந்த ரப்பர் பட்டையை அவிழ்த்தாள். "அப்புறம் கையைப் பிடிச்சுத்தானே ஆகணும்."

4

இதுவரை எழுதியதை என் தங்கையிடம் காட்டினேன்.

"பிரிஞ்சு போன புருஷன் பேர்ல ஆயுள் காப்பீடா? அக்கா, அவ ஆளையே முடிக்கப் போறா. அப்படி எழுது, விக்கும்."

"அவ அப்படிப்பட்டவ இல்லடி."

"எவ்ளோ நேரம் பாத்த அவள?"

"நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷத்துல ஒருத்தி மனசு உனக்குப் புரிஞ்சிடுச்சு. வீட்ல இருபது வருஷமா அத்தான்" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

(அந்த வாக்கியத்தை நானும் முடிக்கப் போவதில்லை. என் படிவத்தில் நாமினி என்ற கட்டத்தில் கணவர் பேரை எழுதினேன் என்பதோடு விடுகிறேன். நான் இல்லாவிட்டால் யாருக்கு இழப்பு என்று என்னிடம் முதன்முதலாகக் கேட்டது ஒரு கம்பெனி. பேனா சற்று நின்றுதான் நகர்ந்தது.)

தங்கை விடவில்லை. "பாக்கணும்னா போன் பண்ணிக் கூப்பிட வேண்டியதுதானே?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தபின் இப்படித் தோன்றுகிறது: அவள் கூப்பிட்டு அவர் வராவிட்டால், அவளைப் பார்க்க வரவில்லை என்றாகிவிடும். கம்பெனி கூப்பிட்டு வராவிட்டால், அவர் ரத்தம் கொடுக்க வரவில்லை, அவ்வளவுதான். அவள் தனக்காக எடுத்துவைத்த காப்பீடு அதுதான்.

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவர் வருகிறார். சட்டைக் கையை மடித்துவிடுகிறார். பதினாறு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு நரம்பு அகப்படவில்லை. "அந்தக் கையில பாக்கறியா?" என்கிறார் மெதுவாக. [அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.]

இரண்டு: முதல் நாள் மாலை, திரையில் அவர் பேருக்கு எதிரே வேறொரு ஆய்வகம். காலிக் குழாயில் முன்கூட்டியே ஒட்டிவைத்த அவர் பேர்ச்சீட்டை, கிழிந்துவிடாமல் நகத்தால் உரிக்கிறாள்.

மூன்று: அவள் சற்று எழுந்து போயிருக்கும் நேரத்தில் அவர் வந்து, உடன் வேலை செய்பவள் எடுத்து, அவள் திரும்புவதற்குள் அவர்

இல்லை. இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

6

ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். ரத்தம் கொடுத்ததும் எனக்கு லேசாகத் தலை சுற்றியது. அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். பஞ்சுக்குப் பக்கத்தில் பிரிக்காத உப்பு பிஸ்கட் பாக்கெட் ஒன்று இருந்தது. கை நீட்டினேன்.

"அது வேணாம்." சட்டென்று மூடினாள். பிறகு கூச்சப்பட்டு, தன் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். "தப்பா நினைக்காதீங்க. வெள்ளிக்கிழமைக்கு வாங்கி வச்சது. பன்னெண்டு மணி நேரம் வெறும் வயித்தோட வரணும். அவரு பசி தாங்க மாட்டாரு."

என் பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை என்று தகவல் வந்துவிட்டது. மறுபடி அங்கே போய்க் கை நீட்ட எனக்குக் காரணம் கிடையாது. இதை வியாழக்கிழமை மத்தியானம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு நீங்கள்தான் போக வேண்டும். ஏழு மணிக்கே கதவு திறந்துவிடும். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்காருங்கள். கசங்கிய சட்டையோடு, வெளியூர்ப் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் யாராவது உள்ளே வந்து நின்றால், உங்கள் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

பசி தாங்க மாட்டார்.