இரண்டாம் தொகுதி தைத்தவர்கள்

விடிந்தும் விடியாததுமாக அச்சகத்தில் பசைச் சட்டி கொதித்துவிடும். அந்தப் புளித்த வாடையிலேயே பைண்டிங் பெண்கள் அச்சடித்த தாள்களை, ஃபாரம் ஃபாரமாக, மடிக்க உட்காருவார்கள். தாளின் விளிம்பு விரலைக் கீறும். கீறலில் பசை இறங்கி எரியும். மடித்ததையெல்லாம் நூலால் கோத்துத் தைப்பவளுக்கு ஊசியக்கா என்று பெயர். தைப்பதால் மட்டும் வந்த பெயரல்ல, வாயும் அப்படித்தான்.

அவர்கள் தைத்தது கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம். மாடியறையில் குருக்களும் பேராசிரியர்களும் வருஷக்கணக்கில் உட்கார்ந்து போட்ட திட்டம். எந்தப் புனிதருக்கு எத்தனை பக்கம், எந்தச் சங்கத்தைப் பற்றி யார் எழுதுவது என்று அங்கே காரசாரமாக வாதம் நடக்கும். கீழே எழுத்துக் கோர்த்து எடுத்த புரூஃப் திருத்தத்துக்கு மேலே போய்ச் சிவப்பு மையில் குளித்துத் திரும்பும். வானதூதர்கள் கட்டுரையைப் பிரித்துப் பிரித்துக் கோர்த்ததில் தூதர்களுக்கே இறக்கை கொட்டியிருக்கும் என்று அச்சுக்கோர்ப்பவர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

முதல் தொகுதிக்காக முதலாளியை மேடையேற்றிப் பாராட்டினார்கள். இரண்டாவதை ஆயர்கள் மாநாட்டில் வெளியிடுவதென்று முடிவாயிற்று. கெடு நெருங்க நெருங்க, தாள் வெட்டும் கட்டிங் மெஷினில் கையைக் காக்கும் தடுப்பு, வேலையை இழுத்தடிக்கிறதென்று முதலாளி அதைக் கழற்றச் சொன்னார்.

அந்த மெஷினில் நின்றவள் ஊசியக்காவின் நாத்தனார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவள் தலைவாரிப் பின்னிவிட்டு வளர்த்த பெண். ஒரு காலை, தாள்கட்டைச் சரிசெய்யக் கை உள்ளே போனபோதே கத்தி இறங்கிவிட்டது. இரண்டு விரல் போயிற்று.

"அண்ணி, பேப்பர்ல ரத்தம் பட்டிருச்சே" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி போனது. கறைபட்ட ஃபாரங்களை மறுபடி அச்சடிக்கச் சொல்லிவிட்டு, மெஷினைக் கழுவி வேறொருத்தியை நிறுத்தினார் முதலாளி. தடுப்பு மூலையிலேயே கிடந்தது.

ஊசியக்கா நேரே அவர் முன்னால் போய் நின்றாள். தடுப்பை மாட்ட வேண்டும், கை ஆறியதும் நாத்தனாருக்கு இங்கேயே வேலை வேண்டும் என்றாள்.

"கவனமில்லாதது அவ. இது வியாபாரமில்லம்மா, ஆண்டவரோட வேலை. கொஞ்சம் தியாகம் பண்ணித்தான் ஆகணும்."

"தியாகம் பண்ற விரல் மட்டும் எப்பவும் எங்களோடதாவே இருக்கே, முதலாளி."

அவர் வாசலைக் காட்டினார்.

மாடியேறித் தலைமைப் பதிப்பாசிரியரான குருவிடம் சொன்னாள். நல்ல மனுஷர்; கண் கலங்கினார். மாநாடு முடியட்டும், பேசிப் பார்க்கிறேன், அதுவரை அந்தப் பெண்ணுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்றார்.

"ஜெபிங்க சாமி, வேண்டாங்கல. ஆனா அந்தக் கத்திக்குக் காது கிடையாது."

இறங்கி வந்தவள், மெஷினில் புதிதாக நின்றவள் தாள்கட்டைச் சரிசெய்யக் கையை உள்ளே விடுவதைப் பார்த்தாள். விறுவிறுவென்று போய் அவளை இழுத்து நகர்த்திவிட்டு, தடுப்பில்லாமல் இதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றாள். பைண்டிங் பெண்கள் எழுந்துவிட்டார்கள். அச்சுக்கோர்ப்பவர்கள்தான் தயங்கினார்கள். இந்தப் பெண்கள் என்றால் அவர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் இளக்காரம். அவர்களில் மூத்தவர், பூசை தவறாதவர், ஆண்டவரின் புத்தகத்தை நிறுத்துவது பாவமில்லையா என்று கேட்டார்.

"பாவம்னா அது தடுப்பைக் கழட்டச் சொன்னவரைச் சேரும், அண்ணே."

அவர் கையிலிருந்த அச்செழுத்துகளைப் பெட்டியில் திருப்பிப் போட்டார். பிறகு மையேறிய மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மற்றவர்களும் கழற்றினார்கள்.

பொழுது சாய்வதற்குள் முதலாளி எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். மறுநாள் காலை அவர்கள் பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது நாத்தனார் கட்டுப்போட்ட கையோடு வந்தாள். ஏன் எழுந்து வந்தாய் என்று ஊசியக்கா கடிந்துகொண்டே, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் புதிய பெண்கள் இருவர் வந்தார்கள். கட்டிங் வேலைக்கு முதலாளி வரச்சொன்னாராம். யாரும் அவர்களை மறிக்கவில்லை, ஏசவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் ஊசியக்கா சொன்னாள். அவர்கள் நாத்தனாரின் கைக்கட்டைப் பார்த்தார்கள். உள்ளிருந்து யாரோ கதவைத் திறந்து, சீக்கிரம் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இருவரில் ஒருத்தி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கக்கா" என்றாள்.