ஒரு கரண்டிப் பால்

இலங்கையின் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் லொறியைக் கண்டாலே லயத்து வரிசை வீடுகளில் வாழும் சனங்களுக்கு நடுக்கம். சிங்கத்தின் குகைக்குள் போன காலடித் தடங்களை மட்டுமே கண்டு மிரண்ட நரியைப் போல, ஏறியவர் எவரும் திரும்பவில்லை என்று அவர்கள் அஞ்சினார்கள். சாகும் தறுவாயில்தான் எவரையும் ஏற்றினார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

ஏழைகளுக்கு மருத்துவத் தொண்டு செய்துவந்த சவரியம்மாள், பிரசவக் காய்ச்சலில் கிடந்த அம்மாக்கண்ணுவிடம் மன்றாடினாள்.

"இப்பவே போனா பொழைச்சுக்குவ, தங்கச்சி."

"திரும்பி வந்துருவேன்ல அக்கா? புள்ள பால் குடிக்கிற புள்ள."

"நானே கூட்டிட்டு வாரேன்."

ஒப்பாரி வைக்கக் கூடாதென்று லயத்தாரிடமும் சத்தியம் வாங்கினாள். அவர்கள் வாக்குத் தவறாமல் முந்தானையால் வாயைப் பொத்தி நின்றார்கள். அம்மாக்கண்ணுவை லொறியில் கிடத்தியபோது, மாமியார் வீரம்மா பாசம் பொறுக்காமல் ஒரு கரண்டிப் பாலை அவள் வாயருகே நீட்டினாள்.

உயிர் பிரியுமுன் ஊற்றும் பால் அது. அம்மாக்கண்ணு புரிந்துகொண்டாள்.

"எறக்கி விடுங்க. எம்புள்ள பக்கத்துலயே சாகுறேன்."

சவரியம்மாள் எவ்வளவு கெஞ்சியும் அவள் இசையவில்லை. லொறி வெறுமையாகப் போயிற்று.

மறுநாள் காலையில் இறந்த அம்மாக்கண்ணுவை அன்றே புதைத்த பிறகு, வீரம்மா சவரியம்மாளின் தோளை ஆறுதலாகத் தொட்டாள்.

"நல்லவேளைம்மா, லொறியில போகல. போயிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்."