பொலினோ ஓடவில்லை

மூன்று வருடமாக எங்கள் டீமின் சிறந்த உழைப்பாளி விருது எனக்குத்தான். கோப்பையெல்லாம் கிடையாது. ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவர் சீசன் கடைசியில் மைதானத்துக்கு நடுவே வந்து ஒரு டிரில் மெஷினைக் கையில் கொடுத்து, தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார். வீட்டில் மூன்று டிரில் மெஷின் இருக்கிறது. இருப்பது வாடகை வீடு, சுவரில் ஓட்டை போடக்கூடாது.

என் பெயர் டேல் வாசெக். வயது முப்பத்தொன்று. பேஸ்பால் ஆட்டக்காரன், லெஃப்ட் ஃபீல்டில், மைதானத்தின் இடது ஓரத்தில், நிற்பவன். ஒன்பது வருடமாக மைனர் லீக்கில், அதாவது பெரிய லீக்குக்குக் கீழே, அயோவாவில் பஸ்ஸில் போய் ஆடி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். மேலே, பெரிய டீமில், ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஒரு நாள் போதும். ஒரே ஒரு தடவை அங்கே பேட் பிடித்து நின்று, மூன்று பந்தில் அவுட்டாகித் திரும்பி வந்தாலும் சரி, பெரிய லீக்கில் ஆடியவன் என்று ஆகிவிடும். அதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

நான் ஓடுவேன். அதில்தான் எனக்குப் பெயர். அடித்த பந்து தரையில் உருண்டு நேராக எதிராளியின் கையில் போய் உட்கார்ந்தாலும், பந்து வருவதற்குள் தொடவேண்டிய முதல் பேஸுக்குத் தலைதெறிக்க ஓடுவேன். பந்து எறியும் பிட்சர் நாலு பந்தை வெளியே போட்டு, சும்மா நடந்து போகச் சொல்லிக் கொடுக்கும் பேஸுக்கும் ஓடித்தான் போவேன். இன்னிங்ஸ் மாறும்போது மற்றவர்கள் தண்ணீர் குடித்து, துப்பி, கதை பேசி எழுந்து வருவதற்குள் நான் லெஃப்ட் ஃபீல்டில் போய் நின்றிருப்பேன். ஜனங்கள் கைதட்டுவார்கள். வேகமாக ஓடுகிறேனா என்றால், இல்லை. கஷ்டப்பட்டு ஓடுகிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய ஸ்டாப்வாட்ச் வேண்டும், அது ஜனங்களிடம் இல்லை.

எனக்குப் பக்கத்து லாக்கர் டட்டிலுடையது. அவன் மாற்று ஆட்டக்காரன். வாரத்தில் இரண்டு நாள் ஆடுவான், மிச்ச நாளெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பான். போன மாதம் ஒரு நாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"ஏன்டா இப்படி ஓடுற? பின்னாடி நாய் ஏதாவது துரத்துதா?"

"ஓடினா உனக்கென்னடா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள. பாக்குற எனக்கே மூச்சு வாங்குது, அதான். உன் கணக்கை எடுத்துப் பாத்தியா நீ? கம்ப்யூட்டர் ரூம் பையன் எடுத்துக் குடுத்தான். ஒன்பது வருஷத்துல, நீ இப்படி ஓடலன்னா அவுட்டாயிருப்ப, ஓடினதால தப்பிச்சன்னு சொல்றதுக்கு இருக்கிறது எத்தனை தெரியுமா? பதினொண்ணு."

"பதினொண்ணா?"

"பதினொண்ணு. வருஷத்துக்கு ஒண்ணே கால்கூட வரல."

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தப் பதினொன்று, பல்லிடுக்கில் மாட்டிய விதைத்தோல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அது அதிகமா குறைவா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை பகல் ஆட்டம். பெரிய டீமின் சென்டர் ஃபீல்டு ஆளுக்கு முந்தின நாள் முட்டி போய்விட்டது. கீழே இருந்து ஒருவன் மேலே போகவேண்டும். போகிறவன் நான், இல்லையென்றால் யெய்சன் பொலினோ என்பது எங்கள் பஸ் டிரைவருக்குக்கூடத் தெரியும். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து, வைக்கோல் தொப்பியோடு, பேட் பிடிக்கும் இடத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் பார்க்காத மாதிரி அவரை நாலு தடவை பார்த்துவிட்டேன்.

பொலினோவுக்கு இருபத்திரண்டு வயது. டொமினிக்கன் குடியரசுக்காரன். நல்ல பையன்தான், வறுத்த வாழைக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் முதலில் எனக்குத்தான் நீட்டுவான், என்னைப் 'பெருசு' என்றுதான் கூப்பிடுவான். ஆனால் தேறாது என்று தெரிந்த பந்துக்கு ஓடமாட்டான். சந்தைக்குப் போகிறவன் போல முதல் பேஸ் பக்கம் நடப்பான். எங்கள் மேனேஜர் கிரேடிக்கு (நாங்கள் கூப்பிடுவது ஸ்கிப்) ஒரு சட்டம் உண்டு: ஓடாதவன் உட்காருவான். இரண்டு தடவை அவனை ஆட்டத்துக்கு நடுவில் உட்காரவைத்திருக்கிறார். சோம்பேறி என்று நானே அவனைப் பற்றிப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் ஊர்க்காரர்களைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு யோசிக்காமல் வாயில் வருகிற சொல் அது. எனக்கும் யோசிக்காமல்தான் வந்தது.

முதல் இன்னிங்ஸில் எங்களில் இரண்டு பேர் அவுட்டான பிறகு பொலினோ பேட் பிடித்தான். அடித்த பந்து மெதுவாக உருண்டு நேராக எதிராளி கைக்குப் போனது. பொலினோ ஓடவில்லை. நாலு எட்டு வைத்தான், பிறகு அப்படியே திரும்பி, எங்கள் டீம் உட்காரும் டக்அவுட்டை நோக்கி நடந்தான். எனக்கே பகீரென்றது. அவனிடம்கூட இப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. கூட்டம் ஊளையிட்டது.

"நாலு மாசக் கர்ப்பம்டா எனக்கு, நானே உன்னைவிட வேகமா ஓடுவேன்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

அடுத்து பேட் பிடிக்க ஹெல்மெட்டோடு காத்து நின்றவன் நான். மூன்று பேர் அவுட்டானால் பக்கம் மாறவேண்டும். ஹெல்மெட்டை வீசினேன், கிளவுஸை எடுத்தேன், வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் லெஃப்ட் ஃபீல்டுக்கு ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. என்றைக்கும் பார்க்கமாட்டேன். மற்றவர்கள் அன்றைக்கு வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார்கள். சென்டர் ஃபீல்டுக்குப் பொலினோ வரவில்லை. டட்டில் வந்தான்.

உட்காரவைத்துவிட்டார்! தலைமை அலுவலகத்து ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்காரவைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு ஒன்பது வருடத்தில் வந்ததில்லை. புல்லில் நின்றுகொண்டு தனியாக இளித்தேன்.

இரண்டாவது இன்னிங்ஸில் எங்கள் பக்கம் முதல் ஆள் நான். ஃபீல்டிலிருந்து ஓடிவந்து, யாரோடும் பேசாமல், இருக்கைகள் பக்கமும் பார்க்காமல், பேட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மூன்றாவது பந்தைத் தரையில் அடித்தேன். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஆள் தன் வலப்பக்கம் நாலு எட்டு போய்த்தான் அதை எடுக்க முடிந்தது. நான் ஓடினேன். பாதிவழியில் தெரிந்துவிட்டது, மயிரிழையில்தான் முடியப்போகிறது. பேஸுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது தலைகுப்புறப் பாய்ந்தேன்.

முதல் பேஸுக்குப் பாய்ந்தால் வேகம் குறையும். நிற்காமல் ஓடிக் கடந்து போவதுதான் சீக்கிரம். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற விஷயம் அது, எனக்கும் தெரியும். ஆனால் ஓடிக் கடந்தால் சட்டையில் மண் ஒட்டாது. பாய்ந்தால், வைக்கோல் தொப்பிக்கு அடியில் இருக்கும் கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவுட். பேஸின் விளிம்பில் மோதி வலதுகை மோதிரவிரல் பின்பக்கமாக மடங்கியது. சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. எழுந்தேன். கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. கையைக் கிளவுஸோடு சேர்த்து வயிற்றில் வைத்துக்கொண்டு டக்அவுட்டுக்கு ஓடினேன், நடக்கவில்லை. இறங்கும்போது கண் தானாக அந்த இருக்கைக்குப் போனது. காலியாக இருந்தது.

"அந்தத் தொப்பிக்காரர் எங்கடா? டாய்லெட் போனாரா?" என்று டட்டிலிடம் கேட்டேன்.

"அவரா? அவர் அப்பவே கிளம்பிட்டாரே. பொலினோவைக் கார்ல ஏத்திக்கிட்டு ஏர்போர்ட்டுக்குப் போயிட்டாரு."

"ஏர்போர்ட்டுக்கா? அவனை உட்காரவச்சுட்டார்னுல்ல நெனச்சேன்."

"உனக்குத் தெரியாதா? மேல கூப்பிட்டுட்டாங்கடா அவனை! அவன் பேட்டைத் தூக்கிட்டு வெளிய போற நேரத்துலதான் போன் வந்துச்சு. கிரேடி நொண்டிக்கிட்டே போய் அவன் காதுல, 'எங்கயும் ஓடித் தொலையாதே, கால்ல ஏதாவது ஆச்சுன்னா என் தலை போயிடும்'னு சொல்லித்தான் அனுப்பினாரு. அவுட்டாகி வந்தவனை எல்லாரும் கட்டிப்பிடிச்சு ஒரே அழுகை. உன்னைத் தேடினான்டா அவன். 'பெருசு எங்க, பெருசு எங்க'ன்னு கேட்டுட்டே இருந்தான். நீதான் எங்களுக்கு முன்னாடி போய்ப் புல்லுல நட்டுவச்ச மாதிரி நின்னியே."

எங்கள் மைதானங்களில் காயமில்லாத ஒருவனை ஆட்டத்துக்கு நடுவில் எடுத்தால் எல்லோரும் உடனே டக்அவுட்டைத்தான் பார்ப்பார்கள். கட்டிப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். கட்டிப்பிடித்தால் அவன் மேலே போகிறான். இருபது வருடமாக டிக்கெட் கிழிப்பவருக்கும் இது தெரியும். ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இருந்த ஐஸ் பெட்டியில் கையை முழங்கைவரை விட்டேன். கொஞ்ச நேரத்தில் விரல் இருக்கும் இடமே தெரியவில்லை. மருத்துவம் பார்ப்பவரிடம் சொன்னால் காயப்பட்டவர் பட்டியலில் போட்டுவிடுவார், அங்கே போன முப்பத்தொரு வயதுக்காரன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அதனால் சொல்லவில்லை. இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் ஐஸில் வைத்து எடுத்து, விரலை டேப்பால் பக்கத்து விரலோடு கட்டிக்கொண்டு ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் ஆடி முடித்தேன். இன்னும் மூன்று தடவை பேட் பிடித்தேன், மூன்று தடவையும் ஒன்றும் அடிக்காமல் திரும்பினேன். நாங்கள் ஜெயித்தோமா என்று கேட்டால் ஸ்கோரைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தபோது கிரேடி கூப்பிடுவதாகச் சொன்னார்கள். ஆட்டம் முடிந்து மேனேஜர் கூப்பிட்டால் பெரும்பாலும் பெட்டியைக் கட்டச் சொல்லத்தான் கூப்பிடுவார். அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போனேன்.

உள்ளே போனதும் கிரேடி நாற்காலியிலிருந்து எழுந்தார். அறுபத்துமூன்று வயது மனிதர், முட்டிவலி, யாருக்காகவும் எழுந்திருக்கமாட்டார்.

"வாசெக், மூணு நாள். மூணே மூணு நாள். மேல ரைட் ஃபீல்டுல ஆடுறானே, அவன் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்துடுச்சு, அவன் லீவு போட்டுட்டான். இப்பதான் போன் வந்துச்சு. நாளைக்குக் காலையில உனக்கு ஃப்ளைட்டு. நீ மேல போறடா."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

என் வலதுகை ஜாக்கெட் பையில் இருந்தது. மூன்று நாள். ஒரு நாள் போதும் என்று இருந்தவனுக்கு மூன்று நாள். பையிலேயே இருக்கட்டும், இடதுகையைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. பிறகு, ஐஸ் வைத்த கைதானே, ஒரு நிமிடம் தாங்காதா என்று தோன்றியது. வலதுகையையே எடுத்துக் கொடுத்தேன்.

அவர் பிடித்து நன்றாகக் குலுக்கினார். எனக்கு வலிக்கவே இல்லை. சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அவர் முகம்தான் சுளித்தது. குனிந்து பார்த்தார். டேப்பைப் பிரித்தார். விரல் கத்திரிக்காய் நிறத்தில், பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படா?"

"ரெண்டாவது இன்னிங்ஸ், ஸ்கிப்."

"அதுக்கப்புறம் ஏழு இன்னிங்ஸ் இதோடயா ஆடின?"

"மூணு நாள்தானே ஸ்கிப். டேப்பு சுத்திக்குறேன். ஒரு தடவை பேட் பிடிச்சா போதும். அடிக்கக்கூட வேண்டாம், சும்மா நின்னுட்டு வந்துடறேன்."

"உடம்பு சரியா இருக்கான்னு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும்டா. போய் இறங்கினதும் அவங்க டாக்டர் பாப்பாரு." அவர் என் கையை விடவில்லை. "எதுக்குடா பாய்ஞ்ச? ஓடியிருந்தா நீ சேஃப். முதல் பேஸ் பக்கம் நின்ன நம்ம ஆளே சொன்னான், ஓடிக் கடந்திருந்தா சேஃப்னு."

"தெரியும் ஸ்கிப்."

"தெரிஞ்சுமா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவங்க கேட்டது வேற ஒருத்தனை. நான்தான் சண்டை போட்டேன். இவனை மாதிரி உழைக்கிறவனை நாப்பது வருஷத்துல நான் பாத்ததில்ல, இவனுக்கு ஒரு நாளாவது குடுங்கடான்னு கத்தினேன். சரின்னாங்க. உன் ஓட்டத்துக்காகத்தான்டா சரின்னாங்க."

அழுகை வருமா என்று எனக்குள் பார்த்தேன். அதுவும் இல்லை. அவர் போனை எடுத்தார். என் பெயரைச் சொன்னார், விரலைச் சொன்னார், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார், டட்டில் பெயரைச் சொன்னார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவனை உள்ள வரச் சொல்றியா?"

டட்டில் லாக்கர் முன்னால் ஒற்றைக் காலில் சாக்ஸோடு உட்கார்ந்து ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவித் தின்றுகொண்டிருந்தான்.

"கிரேடி கூப்பிடுறாரு," என்றேன்.

"எதுக்கு? திட்டவா?"

"போய்ப் பாரு."

"சாப்பிட்டுட்டுப் போறேன் மாப்ள. எங்க ஓடிடப் போறாரு."

ஓடுடா நாயே என்று வாய்வரைக்கும் வந்தது. அவன் மிச்ச ரொட்டியையும் தின்று முடித்தான், விரலை நக்கினான், இன்னொரு சாக்ஸைத் தேடி எடுத்து மாட்டினான். பிறகு எழுந்து, கையை டவலில் துடைத்துக்கொண்டே, கிரேடியின் அறைக்கு நடந்து போனான்.