வேலிக்குள் வந்த கோயில்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சாமுவேல் கந்தையாவின் ஜெபத்தில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. கண்ணை மூடினால் ஒரு மணி நேரம் திறக்கமாட்டார். அதற்குள் கோயில் பாதி காலியாகிவிடும். ஆமென் சொல்வதற்குள் மறுபடி நிறைந்துவிடும். நிறைந்ததை மட்டும் பார்த்து அவர் கர்த்தருக்கு நன்றி சொல்வார்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். வெளியே போக பாஸ் வேண்டும். கோயிலுக்கு மட்டும் வேண்டாம், கிராணியின் வாக்கே போதும். கோயில் வேலிக்கு வெளியே, புக்கிட் பெலிம்பிங் ஊருக்குப் போகும் பாதையில் இருந்தது. வாரமெல்லாம் எங்களை 'டேய்' என்று கூப்பிடுகிறவர், சனிக்கிழமை மாலை வாசல் வாசலாக வந்து நிற்பார். "நாளைக்குக் கோயிலுக்கு வாங்கோ. தெரிஞ்ச ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

போனோம். முருகன் படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுப் போனோம். ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்தில் இரவெல்லாம் விறகு தள்ளிவிட்டு நான் போனது வேலிக்கு வெளியே இருந்த அபுபக்கர் கடைக் கோப்பிக்கு.

காளியம்மா போனது மகளுக்காக. வேலி போட்ட நாளில் அந்தக் குழந்தை புக்கிட் பெலிம்பிங்கில் அவள் தங்கை வீட்டில் இருந்தது. உள்ளே கொண்டுவரத் தோட்டத்தை நடத்தும் துரையின் கையெழுத்து வேண்டும். தொழிற்சங்கத்தில் இருந்தான் என்று அவள் புருஷனைப் போலீஸ் பிடித்துப் போயிருந்ததால், கையெழுத்தும் இல்லை, அவளுக்குப் பாஸும் இல்லை. ஜெபம் தொடங்கியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

"போன வாரம் புள்ள என் தங்கச்சிய அம்மாங்குதுடா," என்றாள் ஒருநாள் திரும்பும்போது. "இன்னைக்கு என் மூக்கப் புடிச்சு இழுத்துச்சு. மறக்கல."

கூட்டம் பெருகியது. கந்தையாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேர் வெயிலில் நடக்கிறார்களே, கோயிலை வேலிக்குள் கட்டினால் தோட்டமே திரண்டு வரும் என்று துரையிடம் கெஞ்சினார். துரை உடனே பலகையும் தகரமும் கொடுத்தார். இனி ஞாயிறும் கேட்டைப் பூட்டலாம் அல்லவா?

திறப்பு நாளில் புதுக்கோயிலில் இருந்தவர்கள் கந்தையா, அவர் மனைவி சரோஜினி, நான். நான் தூங்கப் போனேன். பெஞ்சு வழவழப்பாக இருந்தது.

கந்தையா ஆள் தேடி வெளியே போனார். வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டிய கேட்டருகில் காளியம்மா, துவைத்த சேலையில், கையில் சிவப்பு ரிப்பனோடு நின்றாள்.

"ஏன் இங்க நிக்கிறீங்கள்? கோயில் இப்ப உங்கட லயத்துக்குப் பக்கத்திலயே வந்திட்டுதே."

"எம் புள்ள வெளியில இருக்குங்கய்யா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ! சபை வளரவேணும்."

"கையெழுத்து வாங்கிக் குடுங்க, கூட்டியாறேன்."

"அது ஆபீஸ் விஷயம். ஞாயிற்றுக்கிழமை நான் ஆபீஸ் விஷயம் கதைக்கமாட்டன்."

"அப்ப கோயில மறுபடி வெளியில தூக்கி வைங்கய்யா. தெனமும் வாறேன்."

அவள் ரிப்பனை இடுப்பில் செருகிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினாள். கந்தையா உள்ளே வந்தார்.

"இந்தச் சனத்துக்கு விசுவாசம் இல்லை," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடினார்.